ஒரு கார், ஒரு லாரி, நொடியில் அறுபதில் ஒரு பங்கு

திரையின் நடுவில் ஒரு வண்டி தோன்றி மறைகிறது. அது காரா, லாரியா? அதே கணத்தில் திரையின் ஓரத்தில், எட்டுத் திசைகளுள் ஏதோ ஒன்றில் இன்னொரு கார் தெரிந்து மறைகிறது. அது எங்கே இருந்தது? கேள்வி இவ்வளவுதான். விடை சரியாக வரவரப் படம் நிற்கும் நேரம் சுருங்கிக்கொண்டே போகும். மெதுவானவர்களுக்கு அரை நொடி. மிக வேகமானவர்களுக்கு நொடியில் அறுபதில் ஒரு பங்கு, ஏறக்குறைய 17 மில்லி விநாடி. அக்காலத்துக் கணினித் திரை ஒரு படத்தைக் காட்டி எடுக்கக்கூடிய மிகக் குறைந்த நேரம் அது. கடைசிக் கட்டத்தில் ஓரத்துக் காரை ஒளிப்பதற்கென்றே திரை முழுவதும் முக்கோணங்களை இறைத்திருப்பார்கள். வயதானவர்களில் பலர் நடுவில் இருந்ததைச் சரியாகச் சொல்லிவிட்டு, ஓரத்தில் இருந்ததைக் கோட்டை விடுவது அங்கேதான்.

முதியோருக்கான கணினி மூளைப் பயிற்சிகளில் இந்த அளவுக்கு நெடுங்காலம் சோதிக்கப்பட்டது வேறொன்று உண்டா என்பது சந்தேகம். இதன் தாய்வீடு பார்வை பற்றிய ஆய்வுக்கூடம். 1980களில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கார்லின் பால், டேனியல் ரோங்கர் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு விஷயத்தைத் துருவினார்கள். தலையையும் கண்ணையும் அசைக்காமல் ஒரே பார்வையில் மனம் எவ்வளவு பரப்பிலிருந்து செய்தியை வாங்கிக்கொள்கிறது? கண் மருத்துவரின் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்துவிடுகிற முதியவருக்கும் இந்தப் பரப்பு சுருங்கியிருந்தது. குறை கண்ணில் இல்லை, கவனத்தின் வேகத்தில் இருந்தது. 1988இல் வெளியான அவர்களின் கட்டுரையில் அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருந்தது: சில நாள் பயிற்சியில் அந்தப் பரப்பு மீண்டும் விரிந்தது, மாதக்கணக்கில் விரிந்தபடியே நின்றது. முதிய மூளையால் இனி ஏறுமுகம் காண முடியாது என்று பலரும் நம்பிய காலம் அது.

பால் பிறகு அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத்துக்கு வந்தார். அங்கே இந்தச் சோதனை சாலைக்குப் போனது. சிந்தியா ஔஸ்லி உள்ளிட்டோருடன் சேர்ந்து 55 முதல் 90 வயது வரையுள்ள 294 ஓட்டுநர்களைச் சோதித்து, அவர்களின் விபத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். முடிவு 1993இல் வெளியானது. பின்னர் அவர்களை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, இந்தப் பார்வைப் பரப்பில் 40 சதவீதமோ அதற்கு மேலோ இழந்தவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் 2.2 மடங்கு இருந்தது. திரையில் வண்டிகளே தோன்றுவது இந்தச் சாலை வரலாற்றுக்கு எவ்வளவு பொருத்தம்!

1998இல் இதற்குப் பெரிய தேர்வு வந்தது. ‘ஆக்டிவ்’ என்று பெயரிட்ட ஆய்வில் அமெரிக்காவின் ஆறு இடங்களிலிருந்து 65 வயது தாண்டிய 2,802 பேர் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு நினைவாற்றல் உத்திகள், இன்னொன்றுக்குத் தர்க்கப் புதிர்கள், மூன்றாவதற்கு நமது கார்–லாரி வேகப் பயிற்சி. நான்காவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஐந்தாறு வாரங்களில் பத்து அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சிலருக்கு மட்டும் சுமார் ஓராண்டு கழித்தும் மூன்றாண்டு கழித்தும் ‘பூஸ்டர்’ அமர்வுகள். பயிற்சி முடிந்ததும் அளந்தபோது, வேகப் பயிற்சி பெற்றவர்களில் 87 சதவீதத்தினர் அந்தத் திறனில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். நினைவுப் பயிற்சிப் பிரிவில் அது 26 சதவீதம். ஆனால் மாத்திரையைக் கணக்கிட்டு எடுப்பது, பணம் எண்ணுவது போன்ற அன்றாட வேலைகளில் முதல் இரண்டு ஆண்டுகளில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. 2002இல் வந்த கட்டுரை அதை ஒளிக்காமல் சொன்னது. அந்த நேர்மைக்காகவே இந்த ஆய்வை எனக்குப் பிடிக்கும்.

பத்தாண்டுக் கணக்கு 2017இல் வந்தது. வேகப் பயிற்சிப் பிரிவில் மறதி நோய் வரும் அபாயம் 29 சதவீதம் குறைவு. நோய் உண்டா இல்லையா என்பதை மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்யவில்லை, சோதனை மதிப்பெண்களையும் வாய்மொழித் தகவல்களையும் வைத்து முடிவு செய்தார்கள் என்று எழுந்த விமர்சனம் நியாயமானது. 2026 பிப்ரவரியில் இருபதாண்டுக் கணக்கு, இம்முறை அரசின் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து வந்தது. வேகப் பயிற்சியோடு பூஸ்டரும் பெற்றவர்களிடம் மறதி நோய் 25 சதவீதம் குறைவாகப் பதிவாகியிருந்தது. பூஸ்டர் பெறாதவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. நினைவுப் பயிற்சிக்கும் தர்க்கப் பயிற்சிக்கும் இல்லை.

இதற்கிடையில் பயிற்சி கைமாறியிருந்தது. மைக்கேல் மெர்செனிச் என்ற மூளை விஞ்ஞானி இணைந்து தொடங்கிய பாசிட் சயின்ஸ் நிறுவனம் அதை வாங்கி, ‘ரோடு டூர்’ என்று பெயர் சூட்டி வீட்டுக் கணினிக்கு அனுப்பியது. ஓரத்துக் கார் போய், அமெரிக்காவின் பழைய நெடுஞ்சாலையான ‘ரூட் 66’இன் பலகை வந்தது. அயோவாவில் 681 பேரை வைத்து நடந்த ஆய்வில், கணினியில் குறுக்கெழுத்துப் போட்டவர்களை ரோடு டூர் ஆடியவர்கள் ஓராண்டு கழித்தும் முந்தினார்கள். இன்று அதே பயிற்சி ‘டபுள் டிசிஷன்’ என்ற பெயரில் கைப்பேசியிலும் கிடைக்கிறது. அதே காலத்தில் மூளை விளையாட்டு என்ற பெயரில் சந்தை எதை எதையோ விற்றது. ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக லூமாசிட்டி நிறுவனம் 2016இல் 20 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது.

இந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமாகப் படும் நிறுத்தம் சர்க்கரை நோய். சர்க்கரைக்காரர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு 1999இல் சொன்னது. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதாகும்போது முன்னதாகத் தளர்பவற்றில் ஒன்று சிந்தனையின் வேகம். பெயர் மறப்பதுபோல் அது வெளியே தெரியாது. இன்சுலின் பேனாவைக் கையில் எடுத்த பெரியவரைப் பாருங்கள். கருவி காட்டும் எண்ணைப் படிக்க வேண்டும், தட்டில் என்ன இருக்கிறது என்று கணக்கிட வேண்டும், அதற்கேற்ப அளவைத் திருப்ப வேண்டும். நடுவில் அழைப்பு மணி அடித்தால், திரும்பி வந்து ஊசி போட்டோமா இல்லையா என்பதையும் நினைவுகூர வேண்டும். இரண்டாம் முறை போட்டுவிட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். நோயைச் சமாளிக்கத் தேவையான திறனையே நோய் அரிக்கிறது.

சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் மூளை தப்பிக்குமா? சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ‘அக்கார்டு’ ஆய்வின் மூளைப் பிரிவு இதைத்தான் சோதித்தது. சுமார் 3,000 பேருக்கு, எண்ணுக்கு உரிய குறியை விரைந்து எழுதும் தேர்வு வைத்தார்கள். 40 மாதம் கழித்தும், கடுமையான கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கும் சாதாரணக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கும் அந்த வேகத்தில் வேறுபாடு இல்லை. மருந்து மட்டும் போதாது என்று தெரிந்த பிறகு, வேகத்தையே நேராகப் பயிற்றும் வழியைத் தேடுவது இயல்புதானே?

இஸ்ரேலில் தேடினார்கள். மறதி நோய்க்கு ஆளாகும் அபாயமுள்ள 84 முதிய சர்க்கரை நோயாளிகளுக்கு, பல பயிற்சிகள் அடங்கிய கணினித் தொகுப்பு ஒன்றை வீட்டிலேயே செய்யக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு அவரவர் பலவீனத்துக்கேற்பத் தைத்துக் கொடுத்த பயிற்சி, மறு பிரிவுக்குப் பொதுவானது. 2020இல் முடிவு வந்தபோது இரு பிரிவினருமே முன்னேறியிருந்தார்கள். தைத்துக் கொடுத்தது தெளிவாக முந்தவில்லை. பயிற்சியின் பலனா, மறுமுறை எழுதும் தேர்வின் பழக்கமா என்று 84 பேரை வைத்துப் பிரித்தறிவது கடினம்.

சர்க்கரை நோயாளியைத் திரை முன் உட்கார வைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். விழித்திரைப் பாதிப்புக்கு லேசர் சிகிச்சை பெற்றவருக்கு ஓரப் பார்வையே குறைந்திருக்கலாம். அவர் ரூட் 66 பலகையைத் தவறவிட்டால், பழி மூளையின்மேல் போகக் கூடாது. சர்க்கரை தாழ்ந்திருக்கும் வேளையில் யாருடைய மூளையும் மெதுவாகத்தான் ஓடும். ஆகவே விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு விளையாட உட்காருவது நல்லது. மதிப்பெண் திடீரென்று விழுந்தால் மனம் சோராமல், முதலில் சர்க்கரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்நின்று நடத்திய ஆய்வு, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டென்று 2023இல் கணித்தது. அவர்கள் முதுமையை எட்டும் நேரம் தூரத்தில் இல்லை. ஆக்டிவ் அளவுக்குப் பெரிய ஓர் ஆய்வு சர்க்கரைக்காரர்களுக்கென்றே நடக்க வேண்டும். பூஸ்டர்கள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். திரையில் வாங்கிய மதிப்பெண்ணோடு, தவறிய ஊசிகளையும் இரண்டு முறை போட்ட ஊசிகளையும் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனைக்கு ஓடிய இரவுகளையும் எண்ண வேண்டும். 65 வயதிலிருந்து ஆண்டுதோறும் நினைவாற்றலையும் சோதிக்கச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். பாதத்தையும் கண்ணையும் பார்க்கும் அதே நாளில் இதையும் பார்த்துவிடலாம். குறை தென்பட்டவரிடம், “இதைச் செய்து பாருங்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு ஆதாரம் இன்னும் முழுமையாக வரவில்லை” என்று உள்ளதை உள்ளபடி சொல்லியே பயிற்சியைக் கொடுக்கலாம்.