முற்றும் எச்சமும்: ‘ஹாலோவீன் 4’ படத்தின் இறுதிக்காட்சி

முகமூடி அணிந்த கொலைகாரன் ஒருவன் இளையோரை ஒருவர்பின் ஒருவராகக் கொல்வதே ஸ்லாஷர் எனப்படும் திகில் படவகையின் அடிப்படைக் கதை. இவ்வகையில் வெற்றி பெற்ற படங்களுக்குத் தொடர்ச்சிப் பாகங்கள் எடுப்பது 1980களில் அமெரிக்கத் திரைத்தொழிலின் வழக்கமாயிற்று. முன்பு பார்த்ததையே மீண்டும் காட்டும் இப்பாகங்களில் எப்போதேனும் வலுவான முடிவொன்று அமைந்துவிடுவதுண்டு. அத்தகைய முடிவு, அதற்கு முன் சென்ற ஒன்றரை மணி நேரத்தின் குறைகளை ஈடுசெய்யுமா? இவ்வினாவுக்கு 1988ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹாலோவீன் 4’ நல்லதொரு சான்று.

ஜான் கார்பென்டர் இயக்கிய முதல் ‘ஹாலோவீன்’ 1978இல் வெளிவந்தது. சுமார் 3 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட அப்படம் பல கோடி டாலர் ஈட்டியது. அதன் தொடக்கக் காட்சி திரைவரலாற்றில் இடம்பெற்றுவிட்ட ஒன்று. கோமாளி உடையணிந்த ஆறு வயதுச் சிறுவன் மைக்கேல் மயர்ஸ் தன் அக்காளைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். கொலை நிகழ்வதை முகமூடியின் இரு கண்துளைகள் வழியே பார்வையாளர் காண்கின்றனர். கொலையாளி ஒரு குழந்தை என்பது முகமூடி கழற்றப்படும்போதுதான் தெரியவருகிறது.

1981இல் வந்த இரண்டாம் பாகம் மைக்கேலைத் தீயில் எரித்துக் கதையை முடித்தது. 1982இல் வந்த மூன்றாம் பாகம் மைக்கேலே இல்லாத வேறொரு கதையைச் சொன்னது. எதிர்பார்த்த வரவேற்பு அதற்குக் கிட்டவில்லை. தயாரிப்பாளர் முஸ்தபா அக்காத் ஆறாண்டுகளுக்குப் பின் மைக்கேலை மீண்டும் கொண்டுவந்தார். ‘மைக்கேல் மயர்ஸின் மீள்வருகை’ என்று நான்காம் பாகத்தின் துணைத்தலைப்பே அவ்வாக்குறுதியை அறிவித்தது. 1988 மார்ச்சில் தொடங்கவிருந்த எழுத்தாளர் வேலைநிறுத்தத்திற்கு முன்னதாக, ஆலன் மெக்எல்ராய் இதன் திரைக்கதையைச் சில நாள்களுக்குள் எழுதி முடித்தார். அவ்விரைவின் தடம் படத்தில் தெரிகிறது. மைக்கேல் தப்பிக்கிறான், ஊருக்குத் திரும்புகிறான், வழியில் நிற்போரைக் கொல்கிறான். மருத்துவர் லூமிஸ் எச்சரித்தபடியே பின்தொடர்கிறார். முதல் இரு பாகங்களைக் கண்டவருக்கு இவற்றில் புதியது குறைவு.

இறுதி இரண்டு நிமிடங்களில் நிலைமை மாறுகிறது. மைக்கேல் சுட்டு வீழ்த்தப்பட்டபின் அவனுடைய அக்காள் அல்லது தங்கை வழி மருமகளான சிறுமி ஜேமி, தன்னை வளர்ப்போரின் வீட்டுக்குத் திரும்புகிறாள். வளர்ப்புத்தாய் மாடியில் குளியலுக்கு நீர் நிரப்புகிறாள். அப்போது கேமரா யாரோ ஒருவரின் பார்வையாக மாறி, முகமூடித் துளைகள் வழியே அவளை நெருங்குகிறது. அலறல் கேட்டு ஓடிவரும் லூமிஸ், கோமாளி உடையில், இரத்தம் தோய்ந்த கத்தரிக்கோலுடன் படிக்கட்டின் உச்சியில் நிற்கும் ஜேமியைக் காண்கிறார். அச்சிறுமியை நோக்கியே துப்பாக்கியை உயர்த்துகிறார். பிறர் அவரைத் தடுக்கின்றனர். படம் முடிகிறது.

இது வெறும் அதிர்ச்சி உத்தி அன்று. இதற்கான விதைகள் படத்திலேயே ஊன்றப்பட்டுள்ளன. ஜேமி தொடக்கத்திலேயே மைக்கேலைக் கனவில் காண்கிறாள். பள்ளியில் சக மாணவர்கள் அவளைப் பழிக்கின்றனர். கடையில் அவள் தேர்ந்தெடுப்பது கோமாளி உடை. வீழ்ந்து கிடக்கும் மைக்கேலின் கையை அவள் தொடுகிறாள். முதல் பார்வையில் கதையை நிரப்பும் சிறு நிகழ்ச்சிகளாகத் தோன்றிய இவை, முடிவு வந்தபின் காரணங்களாகின்றன. துணைத்தலைப்பின் பொருளும் மாறிவிடுகிறது: திரும்பி வந்தது அம்மனிதன் மட்டுமல்லன், அவன் சிறுவனாக இருந்தபோது செய்த செயலும்தான்.

இப்படவகையில் இறுதிவரை உயிர்பிழைக்கும் பெண்ணுக்கு ‘இறுதிப் பெண்’ என்று கேரல் கிளோவர் பெயரிட்டது, இதற்கு முந்தைய ஆண்டான 1987இல் வெளியான தம் கட்டுரையில். கொலைகாரனின் பார்வையில் தொடங்கும் படம், முடிவில் அப்பெண்ணின் பார்வைக்கு மாறுவதை அவர் சுட்டிக்காட்டினார். ‘ஹாலோவீன் 4’ இவ்விரு பார்வைகளையும் ஒரே குழந்தையின் முகத்தில் இணைத்துவிடுகிறது. பிழைத்தவளே கொலையாளி ஆகிறாள்.

ஆயினும் இம்முடிவின் ஆயுள் ஓராண்டே. 1989 அக்டோபரில் வந்த ஐந்தாம் பாகத்தில் வளர்ப்புத்தாய் உயிருடன் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. ஜேமி பேச்சிழந்து மருத்துவமனையில் இருக்கிறாள். மைக்கேலுடன் அவளுக்கு மனவழித் தொடர்பு உண்டு என்றாகிறது. கொலையாளியாக நின்றவள் மீண்டும் துரத்தப்படும் இரையாகிறாள். நான்காம் பாகம் அமெரிக்காவில் 1.7 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஐந்தாம் பாகம் 1.2 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. முடிவைக் கைவிட்டதே இவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்று நிறுவ இயலாது. ஆனால் துணிவான முடிவிலிருந்து பின்வாங்கியது வணிகப் பாதுகாப்பையும் தரவில்லை என்று சொல்லலாம்.

இது தனி நிகழ்வும் அன்று. 1984இல் வந்த ‘ஃப்ரைடே த தேர்ட்டீன்த்’ நான்காம் பாகம், ‘இறுதி அத்தியாயம்’ என்று தன்னை அழைத்துக்கொண்டது. ஜேசனைக் கொன்ற சிறுவன் டாமியின் வெறித்த பார்வையில் அது முடிந்தது. 1985இல் வந்த அடுத்த பாகத்தின் முடிவில், வளர்ந்துவிட்ட டாமி ஜேசனின் முகமூடியை அணிந்து கத்தியுடன் நின்றான். 1986இன் ஆறாம் பாகமோ அம்முடிவைப் பொருட்படுத்தாமல் டாமியை நாயகனாக்கி, ஜேசனை மின்னல் தாக்கத்தால் உயிர்ப்பித்தது. வன்முறை ஒரு குழந்தையைத் தன் வாரிசாக்கிக்கொள்ளும் என்ற கருத்தை இருதொடர்களும் தொட்டன, இரண்டும் விலகின. பார்வையாளர் சீட்டு வாங்குவது பழைய முகமூடிக்காகவே என்று தயாரிப்பாளர்கள் நம்பியதை இது காட்டுகிறது. ‘ஹாலோவீன்’ தயாரிப்பாளர்களுக்கு 1982இன் அனுபவமும் நினைவில் இருந்திருக்கும்.

தமிழ் இலக்கணம் வினையை முற்று என்றும் எச்சம் என்றும் பிரிக்கிறது. ‘வந்தாள்’ என்றால் பொருள் முடிந்தது. ‘வந்து’ என்றால் அது இன்னொரு வினையை எதிர்நோக்கி நிற்கிறது. ‘ஹாலோவீன் 4’ முற்றாக எழுதப்பட்ட வாக்கியம். அதன் கடைசிச் சொல், முன்வந்த தளர்ந்த சொற்களுக்கும் பொருள் தருகிறது. தொடர்ச்சிப் படத் தொழிலோ எந்த முற்றையும் எச்சமாகவே வாசிக்கிறது. அடுத்த பாகத்திற்கு இடம்விடாத எதையும் அது ஏற்பதில்லை.

எனவே வினாவுக்கான விடை இது: வலுவான முடிவு நடுப்பகுதியின் தொய்வை நீக்காது, ஆனால் அப்பகுதியில் விதை இருந்திருந்தால், படம் எதைப் பற்றியது என்பதையே அது மாற்றியமைக்கும். விதையில்லாத முடிவு, எவ்வளவு அதிர்ச்சி தந்தாலும், படத்தின் வாலில் கட்டிய வெடியாகவே இருக்கும். அடுத்த பாகம் அம்முடிவை மறுக்கலாம். முந்தைய படச்சுருளிலிருந்து அதை அகற்ற இயலாது. இன்றும் அப்படத்தைக் காண்போர் முன், கத்தரிக்கோலுடன் அச்சிறுமி படிக்கட்டின் உச்சியிலேயே நிற்கிறாள்.