அடுத்த பக்கத்தில் இருந்த எச்சரிக்கை

2001-ல் திருநெல்வேலியில் என் அத்தான் ஒரு டிடிபி கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், நினைவஞ்சலிச் சுவரொட்டி எல்லாம் ஒரே கணினியில்தான். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் ஊர்க் கோயில்களைப் பற்றி எழுதிய புத்தகமும் அதிலேயே ஆறு மாதமாகத் தட்டச்சாகி, மெய்ப்பு பார்க்கும் நிலைக்கு வந்திருந்தது. நான் அப்போது கல்லூரி மாணவன். ஒரு சிடியும் பதினைந்து பக்க அச்சுத்தாளும் கிடைத்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைச் சாவியை வாங்கிக்கொண்டு போய், அந்தக் கணினியில் லினக்ஸ் நிறுவ உட்கார்ந்தேன்.

தாளில் சொன்னபடியே செய்தேன். எஃப்டிஸ்க் என்ற நிரலைத் திறந்து, இருந்த பகுதியை நீக்கி, புதிய பகுதிகளை உருவாக்கி, கடைசியில் 'டபிள்யூ' விசையை அழுத்தினேன். பிறகு புதிய பகுதிகளை ஃபார்மட் செய்தேன். பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தின் முதல் வரி, முந்தைய படிகளைச் செய்யும் முன் எல்லாக் கோப்புகளையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னது.

சாயங்காலம் அத்தான் வந்தார். "என்னலே செஞ்ச?" என்றார். "தாள்ல போட்டிருந்த மாதிரிதான் அத்தான் செஞ்சேன்" என்றேன். தாளை வாங்கி இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். "இதை எழுதுனவன் ஒரு நாளாவது இதைப் பாத்துக்கிட்டே செஞ்சிருப்பானாலே?" என்று மட்டும் கேட்டார். ஆசிரியரின் புத்தகத்தை, கையிலிருந்த மெய்ப்புத் தாள்களை வைத்து, இரவுகளில் மறுபடி தட்டச்சு செய்து முடிக்க அவருக்கு மூன்று மாதம் ஆனது.

அவர் கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்த வரலாற்றைப் பிற்பாடு படித்தேன்.

*

ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தது 1991 ஆகஸ்ட் 25 அன்று. அந்த ஆண்டு முடிவதற்குள் அவரே ஒரு விபத்தைச் சந்தித்தார். மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணினியை அழைக்க நினைத்தவர், மோடத்தின் பெயருக்குப் பதிலாக வன்வட்டின் பெயரைக் கொடுத்துவிட்டார். தொலைபேசி எண்ணுக்கான கட்டளைகள் வட்டில் போய் விழுந்து, அதுவரை அவர் வேலை செய்துவந்த மினிக்ஸ் அழிந்துபோனது. உருவாக்கியவருக்கே இப்படியென்றால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்தான்.

அந்தத் தொடக்க நாட்களில் நிறுவுதல் என்பது இரண்டு ஃப்ளாப்பிகள். ஒன்று 'பூட்', மற்றொன்று 'ரூட்'. வன்வட்டிலிருந்து இயங்க வைக்க வேண்டுமானால், பூட் வட்டின் 508-ஆம் இடத்திலுள்ள இரண்டு பைட்டுகளைக் கையால் திருத்த வேண்டும். அதற்கான குறிப்பு சில பத்திகள்தான். அது போதுமானதாகவும் இருந்தது. ஏனென்றால் படிப்பவர்களும் நிரலர்களே; தெரியாததை எழுதியவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஓராண்டில் நிலைமை மாறியது. 1992-ல் எஸ்.எல்.எஸ். என்ற தொகுப்பு வந்தது. 1993 ஜூலையில் அதை அடிப்படையாகக் கொண்டு பேட்ரிக் வோல்கெர்டிங் ஸ்லாக்வேரை வெளியிட்டார். அடுத்த மாதமே இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். எழுதியவரை ஒருபோதும் சந்திக்காதவர்கள் நிறுவத் தொடங்கினார்கள். நிறுவல் ஆவணம் என்ற ஒன்றுக்கு உண்மையான தேவை அப்போதுதான் பிறந்தது.

1992-ல் தொடங்கிய லினக்ஸ் ஆவணத் திட்டத்தின் முன்னோடிகள் மூவர்: கார்னெல் பல்கலைக்கழக மாணவரான மேட் வெல்ஷ், லினஸின் கல்லூரித் தோழர் லார்ஸ் விர்சேனியஸ், மைக்கேல் ஜான்சன். நிறுவுதலையும் முதல் அடிகளையும் பற்றி வெல்ஷ் ஒரு முழு நூலே எழுதி இலவசமாகக் கொடுத்தார். இன்னொரு வடிவமும் பரவியது. அதன் பெயர் 'ஹவ்-டு'. ஒரு ஆவணம், ஒரு வேலை. ஒலி அட்டை, அச்சுப்பொறி, நிறுவல் என ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஸ்லாக்வேரின் ஃப்ளாப்பித் தொடர்களில் 'எஃப்' என்ற வரிசை முழுக்க இத்தகைய ஆவணங்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது.

ஹவ்-டுக்களின் தலைப்பில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். சின்ன விஷயம்தான். ஆனால் நிறுவல் குறிப்பு, சமையல் குறிப்பைப் போல இருபது வருஷம் தாங்காது. பழைய பயாஸ்கள் வட்டின் முதல் 1024 சிலிண்டர்களுக்கு அப்பால் எட்டமாட்டா. எனவே கெர்னல் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது அன்று உயிர் காக்கும் அறிவுரை. பிற்பாடு அது வெறும் குழப்பம். மானிட்டரின் அலைவரிசையைத் தவறாகக் கொடுத்தால் மானிட்டரே பழுதாகலாம் என்று எக்ஸ் சாளரத்தை அமைக்கும் குறிப்புகள் அன்று பயமுறுத்தின. அந்தக் காலத்துக்கு அது உண்மை. தேதி இல்லாத எச்சரிக்கையை நம்புவதா விடுவதா என்று படிப்பவருக்குத் தெரியாது.

ஆவணம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் மிக மதிக்கும் உதாரணம் ஒரு நூல் இல்லை, நான்கு எழுத்துகள். லைலோ என்ற துவக்க நிரல், தன் வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் தன் பெயரின் ஓர் எழுத்தைத் திரையில் இடும். 'எல்' மட்டும் வந்து நின்றால் ஒரு கோளாறு, 'எல் ஐ' என்று நின்றால் வேறொன்று. எங்கே நின்றதோ அதற்கான விளக்கம் கையேட்டில் இருக்கும். எங்கே மாட்டிக்கொண்டோம் என்று தெரிவதுதான் மாட்டிக்கொண்டவனுக்கு முதல் தேவை.

*

டெபியனின் நிறுவல் கையேடு பல ஆண்டுகள் பலர் கைபட்டு வளர்ந்தது. 2005 ஜூனில் 'சார்ஜ்' பதிப்போடு அதன் நிறுவி முற்றிலும் புதிதாக வந்தபோது கையேடும் புதிதாக அமைந்தது. வன்பொருள் தேவை, நிறுவும் முன் செய்ய வேண்டியவை, வட்டைப் பெறுவது, துவக்குவது, நிறுவியைப் பயன்படுத்துவது என்று அத்தியாயங்கள் செல்கின்றன. கோப்புகளை நகலெடுப்பது 'நிறுவும் முன்' என்ற அத்தியாயத்தில் இருக்கிறது. அவசரக்காரர்களுக்கு ஒரு குறுவழிகாட்டியும் உண்டு.

இதைவிட முக்கியமான மாற்றம் கையேட்டுக்கு வெளியே நடந்தது. நிறுவியில் வட்டைப் பிரித்து முடித்ததும், என்னென்ன மாறப்போகிறது என்று பட்டியலிட்டு, எழுதலாமா என்று திரையே கேட்கும். யோசிக்காமல் எண்டர் தட்டினால் 'இல்லை' என்றே பதிவாகும். என் தாளில் அடுத்த பக்கத்தில் இருந்த எச்சரிக்கை, விரல் விசையைத் தொடும் இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அந்தக் கையேட்டில் இன்னொரு வேண்டுகோளும் உண்டு. சிக்கல் வந்தால் மட்டுமல்ல, நிறுவல் வெற்றிகரமாக முடிந்தாலும் ஓர் அறிக்கை அனுப்புங்கள் என்கிறது. எழுதியவர்கள் தங்கள் அறியாமையை எப்போதோ தொலைத்துவிட்டவர்கள். அதைப் புதிதாக வருபவர்களிடமிருந்துதான் கடன் வாங்க முடியும். நிறுவல் ஆவணம் மேம்பட்டதெல்லாம் இந்தக் கடனில்தான்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. ஆர்ச் லினக்ஸ் 2012-ல் நிறுவி நிரலையே வட்டிலிருந்து எடுத்துவிட்டது. 2021 வரை, வழிகாட்டியைப் படித்து, ஒவ்வொரு கட்டளையாக நாமே தட்ட வேண்டியிருந்தது. அங்கே ஆவணம்தான் நிறுவியாக இருந்தது. ஒரு வரி தப்பினால் கணினி எழாது. அதனாலேயே அதைத் திருத்துபவர்கள் ஒவ்வொரு வரியோடும் மல்லுக்கட்டினார்கள். தொடக்கநிலையினருக்கென்று தனியாக இருந்த நீண்ட வழிகாட்டி, பிறகு சுருக்கமான வழிகாட்டியுடன் இணைக்கப்பட்டது. விளக்கம் கூடக்கூடத் தெளிவு கூடும் என்பதில்லை என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் பாதி உடன்பாடு.

தமிழுக்கு இந்தக் கதையில் கொஞ்சம் தாமதமாகத்தான் இடம் கிடைத்தது. எழுத்துமுறைத் திரையில் ஆங்கில எழுத்துகளை வரிசையாக அடுக்கலாம். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால் வர வேண்டும். அது அந்தத் திரைக்குத் தெரியாது. 2007 ஏப்ரலில் வந்த 'எட்ச்' பதிப்பின் வரைகலை நிறுவி இப்படிப்பட்ட எழுத்துகளுக்கு வழி செய்தது. இன்று டெபியனைத் தமிழில் நிறுவலாம். ஆனாலும் தமிழில் நிறுவுபவர் பாதியில் மாட்டிக்கொண்டால் ஆங்கிலத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பு ஒரு வழிப் பாதை. மாட்டிக்கொண்டவர் தமிழில் சொல்வதை யாராவது கேட்டு எழுதினால்தான் தமிழ் ஆவணம் வளரும்.

*

சில வருடங்களுக்கு முன் நண்பர்களுக்காக ஒரு நிறுவல் குறிப்பைத் தமிழில் எழுதினேன். வெளியே கொடுக்கும் முன், அச்செடுத்துக்கொண்டு அத்தானிடம் போனேன். அவருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. ஒரு பழைய மடிக்கணினியையும் பென்டிரைவையும் வைத்து, "நீங்க இதைப் பாத்து செய்யுங்க, நான் வாயே திறக்க மாட்டேன்" என்றேன்.

"இதுல எதுவும் இல்லைல்லா?" என்று கேட்டுவிட்டுத் தொடங்கினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. வட்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிறுத்திவிட்டார். திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. என் குறிப்பில் 'உங்கள் வட்டைத் தேர்ந்தெடுக்கவும்' என்று மட்டும் இருந்தது.

"எந்த வட்டுலே? உள்ள இருக்கதா, வெளிய சொருகுனதா?"

நூறு தடவையாவது கடந்த இடம் அது. எனக்கு அங்கே ஒரு கேள்வி இருப்பதே தெரிந்ததில்லை. பேனாவை எடுத்து, அந்த வரிக்கு மேலே எழுதினேன்: 'நீங்கள் செருகிய பென்டிரைவும் இந்தப் பட்டியலில் தெரியும். அளவைப் பார்த்து, கணினிக்குள் இருக்கும் வட்டைத் தேர்ந்தெடுங்கள். அதில் உள்ளவை அழிந்துவிடும், நகலெடுத்திருக்கிறீர்களா?'

அத்தான் வாசித்தார். "கீழ எழுதிராத, மேலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எண்டரைத் தட்டினார்.