சட்ராஸ் கோட்டையும் நம்ம ஹாஸ்டல் கிடாரும்



மூன்றாம் ஆண்டு சுற்றுலாவில் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குப் போனதை எங்கள் செட் மறக்காது. 1781இல் ஆங்கிலேயர் தாக்கியதில் சிதைந்து, 1824 லண்டன் ஒப்பந்தத்துக்குப் பின் அவர்கள் கைக்கே போன கோட்டை அது. இன்று தொல்லியல் துறை செப்பனிட்டுக் காக்கிறது. நாங்கள் கோட்டையைச் சுற்றிய நேரத்தில், வெயிலில் பூட்டிக் கிடந்த வேனுக்குள் ஹாஸ்டல் கிடாரும் இடிபாடு ஆனது! "பிரிட்ஜ் பேந்துபோச்சுடா மாப்ளே!" என்று ஒருவன் அலறினான். முன்பலகையிலும் நீள விரிசல். வேனில் விட்டுவந்தவன் நான்தான். எட்டுப் பேர் காசு போட்டு வாங்கியது. அதை வாசிப்பவன் மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த மௌனம்தான் சுட்டது.

காரணம் எளிது. ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கின்றன. தாங்குவது மூன்று மில்லிமீட்டர் பலகை. சூட்டில் பசை இளகினால் கதை முடிந்தது.

பல வருடம் பரணில் கிடந்ததைப் போன வருடம் இறக்கினேன். ஸ்பெயினின் அந்தோனியோ தே தோரெஸ் 1862இல் பக்கமும் முதுகும் காகிதக்கூழால் செய்து ஒரு கிடார் கட்டினார். நாதம் முன்பலகையில்தான் என்று காட்டுவதற்காக. அப்படியென்றால் பலகையைக் காப்பாற்றினால் கிடார் பிழைக்கும்!

நம்மூர் வழியும் கைகொடுத்தது. தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் கரி கலந்த தேன்மெழுகில் பதிந்தவை. மெழுகு கெட்டால் இளக்கி எடுத்துப் புதிதாக மேளம் கட்டுவார்கள். பழுது வரும் என்று தெரிந்தே செய்த வாத்தியம் அது. அதுபோலத்தான் தச்சர்களின் வச்சிரமும். சூடு காட்டினால் பிரியும், மறுபடி ஒட்டும். "சூடு பிரிச்சதைச் சூடே சேர்க்கும் தம்பி" என்றார் எங்கள் தெரு ஆசாரி அண்ணன்.

கம்பியைக் கழற்றினோம். விரிசலில் சூடான வச்சிரம் இறக்கி, உள்ளே குறுக்காகச் சின்ன மரத்துண்டுகள் ஒட்டினோம். பழைய பசையைச் சுரண்டி, பிரிட்ஜை வைத்து, கிளாம்ப் போட்டு ஒருநாள் முழுக்கத் தொடவில்லை. பிறகு கம்பியை மெல்ல மெல்ல முறுக்கினோம். தாங்கியது! விரிசல் தழும்பு தெரியத்தான் செய்கிறது. இருக்கட்டும்.

மாணவத் தம்பி, தங்கைகளே, வாத்தியத்தை வெயிலில் விடாதீர்கள். விட்டுவிட்டால், பரணிலாவது விடாதீர்கள்.

இந்தச் சந்திப்புக்கு அவனும் வருகிறானாம். கிடாரோடு வாசலில் நிற்பேன். வாங்கி வாசிடா, மாப்ளே!