பதினோராம் எண் கூண்டு

சோழமண்டலக் கரையில் ஒரு சிறு துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். ஐப்பசி பிறந்துவிட்டால் பத்திரிகைக்காரர்கள் போன் போட்டு, "சார், எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்கீங்க?" என்பார்கள். சொல்வேன். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டவர்கள் குறைவு.

புயல் எச்சரிக்கைக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. பகலில் கூம்பும் உருளையுமாகக் கருப்புக் கூண்டுகள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். முதல் இரண்டும் தொலைவில் கடலில் இருக்கும் ஆபத்துக்கு. 7 என்றால் புயல் துறைமுகத்தின் மேலேயோ பக்கத்திலேயோ கரை ஏறப்போகிறது. அதுவே கடும்புயலாக இருந்தால் 10. பலரும் 10-தான் கடைசி என்று நினைக்கிறார்கள். அதற்கு மேல் 11 இருக்கிறது. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகும் என்று உள்ளூர் அதிகாரியே கருதுகிறார் என்று பொருள். பணியில் சேர்ந்த முதல் வாரம் அதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எச்சரிக்கை சொல்பவனே ஊமையாகிப் போகும் நாளையும் யாரோ ஒருவர் முன்கூட்டி யோசித்து, அதற்கும் ஒரு எண் கொடுத்து வைத்திருக்கிறார்.

அந்த யோசனைக்குப் பின்னால் பெரிய சாவு இருக்கிறது. 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைப் புயல் அடித்தது. ஹூக்ளியில் கடல் ஏறி வந்து, நங்கூரமிட்டிருந்த கப்பல்களை அறுத்துக் கரையில் எறிந்தது. இறந்தவர்கள் சுமார் 60,000 பேர் என்று கணக்கு. ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 1 அன்று மசூலிப்பட்டினம் முழுகியது. மறுவருடமே, 1865-இல், கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை தொடங்கியது. இந்திய வானிலைத் துறை 1875-இல் பிறந்தது. எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே மாதிரியான குறிகள் 1898-இல் வந்தன. சிறு திருத்தங்களோடு இன்றும் அந்த முறைதான்.

முறை சரியாக இருந்தால் போதுமா? நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு கார்த்திகை இரவு 3-ஐ இறக்கி 7 ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. விளக்குகளைக் கட்டிக் கயிற்றை இழுத்தோம். அசையவில்லை. கம்பத்து உச்சியில் இருந்த கப்பி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கயிறு உப்புக் காற்றில் ஊறித் தடித்துப் பள்ளத்தில் சிக்கியிருந்தது. மழையில் ஒரு பையன் கம்பத்தில் ஏறி, மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டி அதை ஓட வைப்பதற்குள் முக்கால் மணி நேரம் போயிற்று. அவன் இறங்கி வரும்வரை எனக்கு உயிரே இல்லை. எங்கள் அவசரகாலத் திட்டக் கோப்பில் யார் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருந்தது. கப்பிக்கு எண்ணெய் போடுவது பற்றி ஒரு வரியும் இல்லை. அடுத்த செப்டம்பரில் அந்த வரியை என் கையால் சேர்த்தேன். உத்தியோகத்தில் நான் செய்தவற்றில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

பாம்பன் ரயில் பாலத்திலும் அப்படி ஒரு வரி இருந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் தனுஷ்கோடியை நோக்கிப் போன பயணிகள் ரயிலை அலை வாரிக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதே புயலில் உடைந்த பாலத்தை 46 நாளில் நிமிர்த்தியதை எல்லோரும் சொல்வார்கள். என் கண்ணில் நிற்பது அந்தப் பழைய பாலத்தில் இருந்த காற்றுமானி. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். ரயிலை நிறுத்தலாமா வேண்டாமா என்று யாரும் இருட்டில் நின்று தவிக்க வேண்டியிருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை வானம் தெளிவாக இருந்தது. எங்கள் பதினோரு எண்களும் காற்றைப் பார்த்து உண்டானவை. காற்றில்லாமல் வரும் கடலுக்கு அவற்றில் இடமே இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் மறுபார்வை செய்து புதுப்பிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆண்டுதோறும் என்ற அந்தச் சொல்லுக்காக நான் கூட்டங்களில் சண்டை போட்டிருக்கிறேன். மாற்றலாகிப் போன அதிகாரியின் எண்ணை வைத்துக்கொண்டு மேலட்டையில் வருடத்தை மட்டும் மாற்றினால், நள்ளிரவில் அந்த எண்ணை நம்பிச் சுழற்றுகிறவன் என்ன செய்வான்?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை ஏறியது. முன்னதாகவே பல்லாயிரம் பேரை முகாம்களுக்கு அழைத்துப் போயிருந்ததால் பிழைத்தவர்கள் ஏராளம். திட்டம் அந்த மட்டில் நன்றாகவே நின்றது. விடிந்தபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லை, செல்போன் கோபுரங்கள் செத்துவிட்டன. எந்த ஊரில் குடிதண்ணீர் இல்லை என்பதே நாள்கணக்கில் வெளியே தெரியவில்லை. கரையெல்லாம் 11-ஆம் எண் ஏற்றியது போலத்தான் இருந்தது.

அடுத்த வருட மறுபார்வைக் கூட்டத்தில் ஓர் இளம் வி.ஏ.ஓ. எழுந்து, "சார், போன் நம்பருக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் போடுங்க. போன் செத்துட்டா யாருன்னு" என்றார். அன்று சாயங்காலம்வரை உட்கார்ந்து ஊர் ஊராக அந்தக் கட்டத்தை நிரப்பினோம். இந்த ஊருக்கு மோட்டார் சைக்கிளில் போகக்கூடியவர் யார், அந்தக் குப்பத்தில் யாரிடம் டிராக்டர் இருக்கிறது, எந்தப் பள்ளிவாசல் மைக்குக்கு பேட்டரி உண்டு, எந்த மாதா கோவில் மணி அடுத்த தெருவரை கேட்கும். பேனாவை எடுத்தவரிடம் பென்சிலை நீட்டினேன். டிராக்டர் வைத்திருப்பவர் அடுத்த செப்டம்பருக்குள் அதை விற்றிருக்கலாம்.