வண்டலூர் உயிரியல் பூங்கா

சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையோரம் 602 ஹெக்டேரில் பரந்துகிடக்கும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, இந்தியாவின் மிகப் பெரிய உயிரியல் பூங்காக்களுள் ஒன்று. முழுப்பெயர் சொல்லி யாரும் வழி கேட்பதில்லை. ‘வண்டலூர் ஜூ’ என்றால் போதும்.

இதன் தொடக்கம் எழும்பூரில். அரசு அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாளராக இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபோர், 1855-இல் அதன் வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளை வைத்துக் காட்டினார். கர்நாடக நவாபும் தம்மிடமிருந்த விலங்குகளைக் கொடுத்தார். மறு ஆண்டுக்குள் எண்ணிக்கை 300-ஐத் தாண்டியது. பின்னர், 1861-இல், இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு விலங்குகள் இடம் மாறின. பாடம் செய்த உடல்கள் நின்ற எழும்பூரைச் ‘செத்த காலேஜ்’ என்றும், பார்க் டவுனில் இருந்ததை ‘உயிர் காலேஜ்’ என்றும் மெட்ராஸ்காரர்கள் அழைத்தார்கள். அரசு வைத்த பெயர் எதுவும் இத்தனை கச்சிதமாகப் பொருந்தியதில்லை.

நகரம் நாலாபுறமும் நெருக்கியது. 1976-இல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டு, 1979-இல் வேலை தொடங்கி, 1985 ஜூலை 24 அன்று எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். பல விலங்குகளுக்குக் கம்பிக் கூண்டுக்குப் பதில் அகழி. புலி நினைத்தால் புதருக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளலாம். உச்சிவெயிலில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் வாலோ காதோதான் கிடைக்கும். வெறும் புதர்க்காடாக இருந்த நிலத்தில் நட்டு வளர்த்த மரங்களில் ஆயிரக்கணக்கானவற்றை 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்தது. 2021 ஜூனில் கொரோனா தொற்றிய சிங்கங்களுள் நீலா என்ற பெண்சிங்கம் இறந்தது.

பூங்காவின் மற்றொரு முகம் மீட்பு மையம். சிங்கம், புலி, கரடி, குரங்கு முதலியவற்றை வித்தை காட்டப் பழக்கக்கூடாது என்று 1998-இல் மத்திய அரசு பிறப்பித்த ஆணையை 2001-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபோது, சர்க்கஸ் விலங்குகளுக்குப் போக்கிடம் தேவைப்பட்டது. அதே ஆண்டு பூங்காவை ஒட்டி 92.45 ஹெக்டேர் சேர்க்கப்பட்டது. சர்க்கஸ் சிங்கங்களில் பல ஆப்பிரிக்க, ஆசியச் சிங்கங்களின் கலப்பு. அதனால் அவற்றை இனம்பெருக விடுவதில்லை, காட்டுக்கும் அனுப்ப முடியாது. சாகும்வரை இரையும் வைத்தியமும் கொடுத்து வைத்துக்கொள்வதுதான் வழி. வாழ்நாளெல்லாம் கூட்டத்தின் முன் நின்ற விலங்குகளைப் பார்க்க இங்கே சீட்டு கிடையாது. பேட்டரி வண்டியும் அந்தப் பக்கம் போகாது.