வாகனப் பழுது உதவித் திட்டம்: தேர்வு செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

நடுவழியில் வாகனம் பழுதாகி நின்றால், முழுமையான மோட்டார் காப்பீடு வைத்திருப்போருக்கும் இழப்பீடு கிடைப்பதில்லை. இந்தியாவில் இயந்திர, மின் பழுதுகள் வழக்கமான காப்பீட்டில் அடங்குவதில்லை. விபத்துக்குள்ளான வாகனத்தை இழுத்துச் செல்லும் செலவுக்கும், காருக்கு ரூ.1,500, இருசக்கர வாகனத்துக்கு ரூ.300 என்பதே வழக்கமான உச்சவரம்பு. இக்குறையை ஈடுசெய்வதே ‘சாலையோர உதவி’ திட்டம்.

கூடுதல் கட்டணம் பெற்று, காப்பீட்டு நிறுவனங்கள் இதனை பாலிசியுடன் இணைத்து வழங்குகின்றன. புதிய வாகனங்களுக்கு உத்தரவாதக் காலத்தில் தயாரிப்பு நிறுவனங்களே இச்சேவையை அளிப்பதும் உண்டு. எனவே, ஒரே சேவைக்கு இருமுறை பணம் செலுத்த நேரிடுகிறதா என்பதை முதலில் சரிபார்ப்பது அவசியம்.

பஞ்சரான சக்கரத்தை மாற்றுதல், பேட்டரி செயலிழந்தால் வாகனத்தை இயக்கித் தருதல், எரிபொருள் கொண்டுவந்து கொடுத்தல் ஆகியவை பெரும்பாலான திட்டங்களில் உள்ளன. எரிபொருள், உதிரி பாகங்களின் விலை பொதுவாகத் தனி.

முக்கிய வேறுபாடு, வாகனத்தை இழுத்துச் செல்லும் தூரத்தில்தான் உள்ளது. எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம், அதற்கு மேல் கட்டணம் எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை முறை உதவி கோரலாம் என்பவற்றை ஒப்பிட வேண்டும். நகருக்குள் மட்டும் ஓட்டுவோருக்குக் குறைந்த தூர வரம்பு போதுமானது. அடிக்கடி வெளியூர் செல்வோருக்கோ, மலிவான திட்டமே பெருஞ்செலவாக முடியலாம். மின்சார வாகனம் வைத்திருப்போர், சக்கரங்கள் உருளாமல் முழுவதுமாக ஏற்றிச் செல்லும் மீட்பு வாகனம் அனுப்பப்படுமா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

எந்தத் திட்டமும் இல்லாதோர், தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற 24 மணி நேரக் கட்டணமில்லா உதவி எண்ணை அழைக்கலாம்.