ஜாவாவில் ஒரு டேபிள்: லூப் மாறியது, கேள்வி மாறவில்லை

டேட்டாபேஸில் இருந்து ஒரு லிஸ்ட் வருது, அதை வெப் பக்கத்தில் டேபிளாகக் காட்டணும். ஜாவா கத்துக்கிற எல்லாரும் ஆரம்பத்திலேயே செய்யுற வேலை இது. இந்தச் சின்ன வேலையை ஜாவா உலகம் எத்தனை விதமாகச் செய்து பார்த்தது என்று பழைய ஸ்பெசிஃபிகேஷன்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். அதற்குள் பாதுகாப்பின் கதையும் ஒன்று ஒளிந்திருந்தது.

முதலில் டேபிள். எச்டிஎம்எல் டேபிளுக்கான ஆர்எஃப்சி 1942-ஐ டேவ் ராகெட் எழுதினார், 1996 மே மாதம். அடுத்த ஆண்டே ஜாவா சர்வ்லெட் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதில் பக்கம் முழுவதையும் ஜாவா கோடுதான் எழுதணும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பிரிண்ட் கட்டளை. டேபிளின் பார்டரை மாற்றணும்னாகூட கோடைத் திருத்தி, மறுபடி கம்பைல் பண்ணணும்.

1999-ல் வந்த ஜேஎஸ்பி இதைத் தலைகீழாக்கியது. எச்டிஎம்எல்லுக்கு நடுவே ஜாவாவைச் செருகலாம். லூப்பின் தொடக்கம் ஒரு இடத்தில், மூடும் அடைப்புக்குறி இருபது வரி தள்ளி! டிசைனர் அந்த ஒற்றைக் குறியைத் தெரியாமல் அழித்தால் பக்கமே காலி.

அப்புறம் டேக் லைப்ரரிகளின் காலம். கிரெய்க் மெக்லனஹன் உருவாக்கிய ஸ்ட்ரட்ஸ் 2000-ல் அப்பாச்சிக்குப் போனது. அதில் லூப்புக்கே ஒரு டேக் இருந்தது. 2002-ல் ஜேஎஸ்டிஎல் 1.0 அதைப் பொது வழக்கம் ஆக்கியது: லிஸ்ட்டைச் சுற்றிவர ‘ஃபார்ஈச்’, மதிப்பை அச்சிட ‘அவுட்’.

இங்கேதான் கவனிக்கணும். ஒரு வாடிக்கையாளர் தன் பெயர் கேட்கும் இடத்தில் ஸ்கிரிப்ட் டேக் ஒன்றை எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகி அந்த டேபிளைத் திறக்கிறார். பெயர் அப்படியே அச்சானால், அந்த ஸ்கிரிப்ட் நிர்வாகியின் பிரவுசரில் ஓடும். அவருடைய லாகினை வைத்து என்ன வேணாலும் செய்யலாம். ‘அவுட்’ டேக் கோணக் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றித்தான் அச்சிடும். ஸ்ட்ரட்ஸின் ‘ரைட்’ டேக்கும் அப்படியே. நீங்க சொல்லாமலே நடக்கும் காவல் அது.

2003-ல் ஜேஎஸ்பி 2.0 வந்தது. டாலர் குறியும் வளைவு அடைப்பும் போட்டு மதிப்பைப் பக்கத்தில் நேரடியாக எழுதலாம் என்றது. எவ்வளவு சுருக்கம் பாருங்க! ‘அவுட்’ டேக்கை எழுத இனி யார் மெனக்கெடுவாங்க? ஆனால் ஜேஎஸ்பி பக்கத்தில் அந்தச் சுருக்கு வழி எதையும் மாற்றாது, வந்ததை வந்தபடியே அச்சிடும். கோடு அழகானது, காவல் விலகியது. இந்த வரலாற்றில் முக்கியமான திருப்பம் இதுதான் என்பது என் எண்ணம்.

2004-ல் வந்த ஜேஎஸ்எஃப் வேறு மாதிரி யோசித்தது. அதன் முதல் ஸ்பெசிஃபிகேஷனை வழிநடத்தியவர்களில் மெக்லனஹனும் ஒருவர். ‘டேட்டாடேபிள்’ என்ற காம்பொனென்ட்டில் லூப்பை நாம் எழுதுவதில்லை. பத்திகளைச் சொன்னால் போதும், வரிசைகளை அதுவே போட்டுக்கொள்ளும். மதிப்பை அச்சிடும் ‘அவுட்புட்டெக்ஸ்ட்’டில் காவலும் இயல்பாகவே உண்டு. 2009-ல் ஜேஎஸ்எஃப் 2.0-வோடு சேர்ந்த ஃபேஸ்லெட்ஸில், நேரடியாக எழுதும் மதிப்புக்கும் அந்தக் காவல் கிடைத்தது.

இன்று பல இடங்களில் சர்வர் ஜேசானை மட்டும் அனுப்புகிறது, டேபிளை ஜாவாஸ்கிரிப்ட் கட்டுகிறது. இடம் மாறியதே தவிர சிக்கல் அதேதான். ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ வழியாக மதிப்பை வைத்தால் அது எழுத்து, ‘இன்னர்எச்டிஎம்எல்’ வழியாக வைத்தால் அது எச்டிஎம்எல்.

அதனால் டேபிள் போடும் புதுக் கருவி எது வந்தாலும், எத்தனை வரி மிச்சமாகுது என்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: நான் ஒன்றும் சொல்லாவிட்டால், இது என் டேட்டாவை எழுத்தாக நினைக்குமா, கோடாக நினைக்குமா?